டிக்கியில் அடித்த போன்

எக்ஸ்ரே அம்மா சரியான பயந்தாங்கொள்ளி என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் பயப்பட மாட்டாள்? இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புகளைப் படம் பிடிக்கிறவள். மாடிப்படியைப் பார்த்தால் நமக்கு மாடி ஞாபகம் வரும், அவளுக்கு இடுப்பெலும்பு ஞாபகம் வரும். ஈரத் தரையைப் பார்த்தால் மணிக்கட்டு. அதிலும் பின்னாலிருந்து வண்டி மோதி வருகிறவர்களின் கழுத்துப் படம் இருக்கிறதே, அதை எத்தனை எடுத்திருப்பாள்! எதிரே வருவது தெரிந்தால் மனுஷன் கத்தவாவது செய்வான். பின்னால் இடிபட்டவன் என்ன நடந்தது என்றே தெரியாமல் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பான்.

அப்படிப்பட்டவளின் ஒரே மகளுக்கு மலைமேல் வேலை கிடைத்தது. பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் இன்னமும் 'வாண்டு'தான். மலைமேல் இருக்கிற தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. காலை ஏழு மணிக்கு முதல் சோதனை, அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வாண்டுவின் அப்பா கணக்கு வாத்தியார். எதற்கெடுத்தாலும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியே வாழ்நாளை ஓட்டிவிட்ட மனுஷர். அவர் பாட்டுக்கு ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார்.

மலைச்சாலையோ கல்குவாரி லாரிகளின் ராஜ்ஜியம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒதுங்கி நிற்க ஓரம் என்று ஒன்று கிடையாது. விடிகாலையில் பனி வேறு இறங்கிவிடும். எக்ஸ்ரே அம்மா ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டம் போட்டாள்.

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி போனை டிக்கியில போடணும்."

"டிக்கியிலயா? என்னம்மா விளையாடறே?"

"பையில போடச் சொன்னா பையில கையை விடுவே. டிக்கியில இருந்தா இறங்கித்தான் எடுக்கணும். இறங்கணும்னா வண்டியை நிறுத்தணும். அவ்வளவுதான்."

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். பல்லு வெளிய தெரிஞ்சாப் பரவாயில்ல, எலும்பு வெளிய தெரியக் கூடாது."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. விபத்தில் அடிபட்ட வாண்டு வயதுப் பெண் ஒருத்தியைப் படம் எடுக்கக் கொண்டுவந்தபோது, இறுக்கிப் பிடித்திருந்த போனை அவள் கையிலிருந்து எடுக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதை எக்ஸ்ரே அம்மா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டாள். வாண்டுவும் சொன்ன சொல் தவறாமல் கேட்டாள். ஆனால் இந்தக் காலத்துப் பெண்ணுக்குப் போனைப் பார்க்காமல் எத்தனை நேரம் இருக்க முடியும்? கடை வாசலில் நிறுத்துவாள், இறங்குவாள், டிக்கியைத் திறப்பாள், பார்ப்பாள், மறுபடி போடுவாள், படார் என்று மூடுவாள். பெட்ரோல் போடும்போது ஒரு தடவை, ரயில்வே கேட் மூடியிருந்தால் ஒரு தடவை. ஒரு நாளைக்கு இருபது தடவைக்குக் குறையாது. எக்ஸ்ரே அம்மா அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

மூன்றாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். கடைகளுக்கு வேனில் ரொட்டி போடுகிறவர், அடுத்த தெருக்காரர். எப்போதும் ஏதாவது கிண்டல் செய்துகொண்டே வருகிற ஆள், அன்றைக்கு முகம் செத்துப்போய் நின்றார்.

"அக்கா, உங்க பொண்ணு வண்டிக்குப் பின்னாடி லைட்டே இல்லக்கா. இப்பத்தான் ரயில்வே கேட்டுக்கிட்ட எனக்கு முன்னால நின்னுச்சு. சிவப்பு வரும்னு பார்த்தா வரவே இல்ல. அடிச்சுப் பிடிச்சு நிறுத்தினேன். மயிரிழைக்கா, மயிரிழை."

எக்ஸ்ரே அம்மா படியைவிட்டு இறங்கி வந்தாள். "ரெண்டு பக்கமுமா தம்பி?"

"ரெண்டும்தான். சும்மா போகும்போது எரியற லைட்டும் இல்ல, பிரேக் லைட்டும் இல்ல. நம்ம ஊருக்குள்ள, அதுவும் நான். அதனால சரியாப் போச்சு. மேல அந்த லாரிக்காரனுங்க முன்னாடின்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாண்டு கிளம்பியாக வேண்டும். புது வேலை, அதற்குள் லீவு கேட்க முடியாது. "நானே பார்க்கறேன்" என்று எக்ஸ்ரே அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரி மெஷின் மக்கர் பண்ணினால் கம்பெனி ஆள் வருகிறவரை அவள்தானே பார்த்துச் சமாளிக்கிறாள்? ஒரு பல்புக்கா பயப்படுவாள்!

முதலில் வாத்தியாரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, விளக்கைப் போடச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். பின்னால் நின்று பார்த்தாள். ஒன்றுமே எரியவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருந்த மெல்லிய பட்டை எதிலும் அறுந்திருக்கவில்லை. சரி, பல்பாகத்தான் இருக்கும் என்று, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தாள். அந்தக் காரில் பின்விளக்கு இரண்டும் டிக்கிக் கதவிலேயே பதித்திருக்கும். கதவைத் தூக்கினால் விளக்குகளும் சேர்ந்து மேலே போகும். உள்பக்க அட்டையைக் கழற்றி, பல்பைத் திருகி எடுத்து, படத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயில் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்கம்பி முழுசாக இருந்தது. ஆனால் பல்பு உட்காருகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

"பிடிச்சுட்டேன்! இதாங்க. இந்தக் களிம்புதான் கரண்டைத் தடுக்குது."

வாண்டுவின் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து வந்து இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்தாள். பல்பைப் போட்டாள்.

"மிதிங்க."

வாத்தியார் மிதித்தார். இரண்டு பக்கமும் செக்கச் செவேலென்று எரிந்தது! "விடுங்க." அணைந்தது. "மிதிங்க." எரிந்தது. மூன்று தடவை பார்த்தாள். வாத்தியார் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மனுஷருக்குப் பேச்சைப் பாருங்கள்! அதற்குள் மத்தியான டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அட்டையை மாட்டி, டிக்கியைச் சாத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கெடுபிடி உண்டு. எலும்பை நேர்ப்படுத்தி மாவுக்கட்டுப் போட்ட பிறகு இன்னொரு படம் எடுக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப விடமாட்டாள். "கட்டு நல்லாத்தான் இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?" என்று அவசரப்படுகிற டாக்டரைக்கூட விடமாட்டாள். "கட்டுக்கு மேல பார்த்து என்ன சார் தெரியும்? உள்ள எப்படி உட்கார்ந்திருக்குன்னு பார்க்க வேண்டாமா?" என்று சண்டை போடுவாள். அன்று மத்தியானமும் அப்படி ஒரு கிழவரைத் திருப்பி அழைத்து இரண்டாவது படம் எடுத்தாள். டிக்கியை மூடிய பிறகு பிரேக்கை இன்னொரு முறை மிதித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் பனி தெருவிலேயே இறங்கியிருந்தது. வாண்டு காரின் விளக்கைப் போட்டாள். பின்னால் வந்து டிக்கியைத் திறந்தாள். வாசலில் நின்ற எக்ஸ்ரே அம்மா திறந்த கதவில் இரண்டு சிவப்பும் எரிவதைப் பார்த்து மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டாள். வாண்டு போனை உள்ளே போட்டுவிட்டு, "போட்டாச்சு தாயே, பார்த்துக்கோ" என்று பழிப்புக் காட்டினாள். படார் என்று மூடினாள்.

சிவப்பு இரண்டும் அணைந்தன.

எக்ஸ்ரே அம்மா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அதற்குள் வாண்டு ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, கிளம்பிவிட்டாள். முன்னால் வெள்ளை வெளிச்சம் போகிறது, பின்னால் கும்மிருட்டு. "ஏய்! வாண்டு! நில்லுடீ!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். தெருமுனையில் கார் மெதுவானது. பிரேக் போட்டிருக்கிறாள், போட்டுத்தான் ஆக வேண்டும். பொட்டுச் சிவப்புகூட வரவில்லை. கார் திரும்பி, பனிக்குள் போயே போய்விட்டது.

ஓடி வந்து போனை எடுத்து அடித்தாள். அவசரத்தில் எண் இரண்டு முறை தப்பியது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எங்கே இருக்கிறது அந்தப் போன்? டிக்கியில் அல்லவா இருக்கிறது! யார் போடச் சொன்னது? சாட்சாத் இவளேதான். ஆனாலும் காதில் விழாதா? ஊருக்குள் இருக்கும்போதே கேட்டு ஏதாவது கடை வாசலில் நிறுத்தமாட்டாளா? மூன்றாவது தடவை. நான்காவது தடவை. "எடுடீ, எடுடீ கண்ணு" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினாள். வாத்தியார் பல் துலக்கியபடி வந்தவர் விஷயத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். வாயில் நுரை, கையில் பிரஷ். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று சொல்வாரென்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷர் சொல்லவில்லை.

ஐந்தாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது கண் தற்செயலாகச் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. ஆறு மணி ஏழு நிமிஷம். இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருப்பாள். மலை ஏற ஆரம்பித்திருப்பாள்.

அவ்வளவுதான், அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஐயோ, நான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்! பின்னால் விடாமல் மணி அடித்தால் அந்தப் பெண் என்ன நினைக்கும்? காலங்காத்தால அம்மா இத்தனை தடவை அடிக்கிறாளே, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே நினைக்கும்? பயந்துபோய் நிறுத்தும். எங்கே நிறுத்தும்? ஓரமே இல்லாத ரோட்டில், பனிக்கு நடுவில், பின்னால் கல் லாரி வரும்போது, ஒரு சிவப்பு விளக்கு இல்லாமல்!

சூட்டுக்கோலைத் தொட்டவள்போலப் போனை நிறுத்தினாள். அடிக்கவும் முடியாது, அடிக்காமல் இருக்கவும் முடியாது. போனை வாத்தியார் கையில் திணித்து, "தொடாதீங்க. உங்க புண்ணியமாப் போகும், அவளுக்கு மட்டும் அடிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த புடவையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

ரொட்டிக்காரர் கடை வாசலில் வேனை நிறுத்தித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. 'லைட்டு', 'மலை', 'வாண்டு' என்ற மூன்று வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது. கையிலிருந்த தட்டை அப்படியே கடைப் படியில் வைத்துவிட்டு, "ஏறுங்கக்கா" என்றார்.

வேன் பறந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பனி திரைபோட்ட மாதிரி மறைத்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ரொட்டித் தட்டுகள் தடதடவென்று ஆடின. எக்ஸ்ரே அம்மா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள்.

"நேத்து எரிஞ்சுச்சே தம்பி. மூணு தடவை பார்த்தேனே. இன்னைக்குக் காலையிலகூட எரிஞ்சுது. டிக்கியை மூடினா, போச்சு."

"மூடினாப் போகுதா?" ரொட்டிக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. முழங்கையை நீட்டி வைத்துப் படம் எடுத்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வலிக்கிறது என்பான். மடக்கி எடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். டிக்கி திறந்திருக்கும்போது வயர் நீண்டிருக்கிறது, மூடும்போது மடங்குகிறது. மடங்குகிற இடத்தில்தான் ஒடிந்திருக்கிறது! களிம்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நோயாளிக்கு வசதியான நிலையில் மட்டும் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டாள். யாரை? பெற்ற மகளை.

"ஒரு நாளைக்கு இருபது தடவை டிக்கியைத் திறக்க வச்சது நான்தானே தம்பி. நான்தானே ஒடிச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கக்கா. இருங்க, முன்னாடி ஏதோ தெரியுது."

தெரிந்தது கல் லாரியின் முதுகு. மலைமாதிரி கல்லை ஏற்றிக்கொண்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறியது. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "பொண்ணு இதுக்கு முன்னாலதான் போகணும்" என்றார் ரொட்டிக்காரர். சொல்லி வாய் மூடவில்லை, லாரியின் பிரேக் விளக்கு இரண்டும் ரத்தச் சிவப்பாக எரிந்தன. டயர் கிறீச்சென்று இழுபட்டது. லாரியின் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கல் ஒன்று உருண்டு ரோட்டில் விழுந்தது.

எக்ஸ்ரே அம்மா கத்தவில்லை. அவள் கண் முன்னால் ஒரு கழுத்துப் படம் வந்தது. ஏழு எலும்பு, ஒன்றின்மேல் ஒன்று. எத்தனையோ பேருடையதைப் பார்த்தவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. வேன் கதவைத் திறந்து குதிக்கப் போனவளை ரொட்டிக்காரர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இருங்கக்கா. சத்தம் கேட்கலியே. இடிச்சிருந்தாச் சத்தம் கேட்டிருக்கும். இருங்க."

ஒரு விநாடி. இரண்டு விநாடி. லாரி நீளமாக ஒரு ஹார்ன் அடித்தது. பிறகு முக்கி முனகி நகர ஆரம்பித்தது. எக்ஸ்ரே அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த வளைவில் ரோடு கொஞ்சம் அகலமாக இருந்தது. ரொட்டிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு வழி கேட்டார். லாரிக்காரர் ஒதுங்கிக் கொடுத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பார்த்துப் போங்க! முன்னால ஒரு கார் இருட்டாப் போகுது! வளைவுல பிரேக் போட்டுச்சு, தெரியவே இல்ல. என் உயிரே போயிட்டு வந்துச்சு!"

"அதுக்குத்தான் போறோம்!" என்று ரொட்டிக்காரர் கத்தினார்.

போனார்கள். போய்க்கொண்டே இருக்கும்போது பனிக்குள்ளிருந்து காரின் பின்பக்கம் கறுப்பாக, பக்கத்தில், மிகப் பக்கத்தில் தெரிந்தது. தேடிக்கொண்டு வந்தவர்களே இடிக்கப் பார்த்தார்கள்! ரொட்டிக்காரர் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். பின்னால் தட்டுகள் சரிந்து ரொட்டியெல்லாம் கொட்டியது. "என் பிழைப்பு போச்சு" என்று முனகிக்கொண்டே நாலு பக்கமும் சிமிட்டுகிற விளக்கைப் போட்டார்.

"ஹார்ன் அடிக்கட்டுமா? நிறுத்தச் சொல்வோமா?"

"ஐயோ, வேண்டாம் தம்பி. நிக்க வேண்டாம். போகட்டும். நீங்க பின்னாலேயே போங்க. யாரும் இடையில வராமப் பார்த்துக்கங்க. நம்ம லைட்டுதான் அவ லைட்டு."

அப்படியே போனார்கள். ஆனால் வாண்டுவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விடியாத மலை ரோடு, தன்னந்தனியாக ஒரு பெண், எங்கிருந்தோ ஒரு வேன் வந்து கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு முதுகிலேயே ஒட்டிக்கொள்கிறது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. அவள் என்ன நினைப்பாள்? வேகத்தைக் கூட்டினாள். இவர்களும் கூட்டினார்கள். இன்னும் கூட்டினாள்.

"உங்க பொண்ணு எதுக்குக்கா இப்படிப் பறக்குது?"

"நம்மளைப் பார்த்துத்தான் பயப்படறா" என்று எக்ஸ்ரே அம்மா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "கொஞ்சம் தள்ளிப் போங்க தம்பி. ரொம்பத் தள்ள வேண்டாம். லைட்டு தெரியற தூரம்."

சுத்திகரிப்பு நிலையத்தின் கேட்டுக்குள் கார் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு பாய்ந்தது. வேனும் பின்னாலேயே நுழைய, காவலாளி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "யாருடா நீ? பொம்பளைப் பிள்ளையையா துரத்தறே? இறங்குடா கீழே!" ரொட்டிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். மறுபக்கத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு எக்ஸ்ரே அம்மா இறங்கினாள்.

வாண்டு காரைவிட்டு இறங்கி, வெளுத்துப்போன முகத்தோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா?" என்றாள். "நீயா? நான் யாரோ என்னமோன்னு... என்னை ஏன்மா இப்படிப் பயமுறுத்தறே? அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. பல்லு துலக்கிட்டு இருக்கார்." எக்ஸ்ரே அம்மா மகளிடம் போய் முதலில் அவள் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு எலும்பாகத் தடவினாள். வாண்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை; தட்டிவிடவும் தோன்றவில்லை. பிறகு எக்ஸ்ரே அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்று கேட்டாள். காவலாளி இரண்டடி பின்னால் போனார்.

ரொட்டிக்காரரிடம் தட்டுக் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது. வேன் ரேடியோவுக்கு வாங்கியதில் மிஞ்சிய வயரும் இன்சுலேஷன் டேப்பும் இருந்தன. காரின் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரே அம்மா டிக்கியைத் திறந்தாள். உள்ளே வாண்டுவின் போன் கிடந்தது. அதைத் தொடவில்லை. கீல் இருக்கிற இடத்தில், வண்டியிலிருந்து கதவுக்குப் போகிற வயர்களை ஒரு ரப்பர்க் குழாய் மூடியிருந்தது. அதை விலக்கினாள். உள்ளே நாலைந்து வயர். பார்வைக்கு எல்லாம் முழுசாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் நீவிக்கொண்டே வந்தாள். எல்லா விளக்குக்கும் பொதுவாகப் போகிற கறுப்பு வயரில் ஓரிடம் மட்டும் விரலுக்கு மெத்தென்று மடங்கியது. உள்ளே எலும்பில்லை.

"மேல்தோல் அப்படியே இருக்கு பாருங்க. உள்ள ஒடிஞ்சிருக்கு."

தோலைச் சீவினாள். செம்புக் கம்பி இரண்டாகக் கிடந்தது. திறந்தால் நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும், மூடினால் விலகும். இன்று காலை வரை எத்தனை தடவை தொட்டதோ, எத்தனை தடவை விலகியதோ! கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மடங்குவதற்கு இடம்விட்டுக் கொஞ்சம் நீளமாகவே புது வயரை வைத்து இரண்டு பக்கமும் முறுக்கினாள். டேப்பை இறுக்கிச் சுற்றினாள்.

"விளக்கைப் போட்டுட்டு மிதி."

எரிந்தது. ரொட்டிக்காரர் கை தட்டினார். எக்ஸ்ரே அம்மா அவரை முறைத்தாள். போனை எடுத்துக்கொண்டு, டிக்கியைப் படார் என்று மூடினாள். மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு செருப்போடு, ஈரத் தரையில் நின்றாள்.

"இப்ப மிதி."

இரண்டு பக்கமும் சிவப்பு எரிந்தது. அவள் புடவையெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

"எரியுதாம்மா?" என்று வாண்டு உள்ளேயிருந்து கேட்டாள். "அம்மா? எரியுதா இல்லையா?" பயந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"எரியுது" என்றாள் எக்ஸ்ரே அம்மா. போனை நீட்டினாள். "இந்தா. இனிமே இதை டிக்கியில போட வேண்டாம். அணைச்சுப் பையில வச்சுக்கோ, போதும்."

வாண்டு வாங்கிப் பார்த்தாள். "அஞ்சு தடவை அடிச்சிருக்கே. கேட்டுச்சும்மா எனக்கு. மலை ஏறும்போது பின்னால அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு நினைச்சேன். முதல் வளைவுகிட்ட, அந்த லாரிக்கு முன்னால போய்க்கிட்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை அடிச்சா அங்கேயே நிறுத்தி இறங்கி எடுத்துடலாம்னு பிரேக்குல காலைக்கூட வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீ அடிக்கல. நான் வந்துட்டேன்."

எக்ஸ்ரே அம்மா காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரொட்டிக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். "என்னம்மா ஆச்சு?" என்று வாண்டு இறங்கப் பார்த்தாள்.

"இறங்காதே. உள்ளேயே இரு. இன்னொரு தடவை மிதி."

"இப்பத்தானே பார்த்தே?"

"மிதிடீன்னா."

வாண்டு மிதித்தாள். எரிந்தது.

"விடு. இன்னொரு தடவை."